தண்டவாளத்துக்குள் இறங்கும் விரிசல்

வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் திருநெல்வேலி சந்திப்பு. நாகர்கோவிலுக்கும் திருச்செந்தூருக்கும் போகும் ரயில்கள் அங்கிருந்து கிளம்பித்தான் தாமிரபரணியைக் கடக்கின்றன. நம் ரயில்வேயில் வழக்கமான சரக்கு வேகனின் ஒரு அச்சு 22.9 டன் வரை தாங்கும். அதில் பாதிச் சுமையை ஒரு சக்கரம் தண்டவாளத்தில் இறக்குகிறது, ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில்!

இந்த நெருக்கத்தில் நாளெல்லாம் நசுங்கும் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் பிறக்கின்றன. முதலில் அவை அதிகம் ஆழம் போகாமல் சாய்வாக ஊரும். பிறகு மேலே திரும்பினால் ஒரு செதில் பெயரும், அவ்வளவுதான். கீழே திரும்பினால் தண்டவாளமே முறியும். மழைநீர் உள்ளே புகுந்துவிட்டால் நிலைமை மோசம்: சக்கரம் விரிசலின் வாயை மூடியதும், சிக்கிய நீர் முனையைப் பிளக்கப் பார்க்கிறது. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் 2000 அக்டோபர் 17 அன்று இத்தகைய விரிசல்களால் தண்டவாளம் 300 துண்டுகளுக்கும் மேலாகச் சிதறியது. நான்கு பேர் இறந்தார்கள்.

விரிசல் எப்போது, எந்தப் பக்கம் திரும்பும்? அதற்குத்தான் கணினிக் கணக்கு. முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்ல ஒரு எண் இருக்கிறது. அதில் என்னை வியக்கவைப்பது இது: இழுவிசையில், மேற்பரப்பில் வாய் திறந்த 1 செ.மீ. ஆழ விரிசலுக்கு அந்த எண், உள்ளே புதைந்த 2 செ.மீ. விரிசலுக்கு உள்ளதைவிடச் சுமார் 12 சதவீதம் அதிகம். வெளிப்பக்கம் பிடித்து நிறுத்த உலோகம் இல்லையே! எஃகில் ஒவ்வொரு சுமைக்கும் விரிசல் நீளும் அளவு, ஏறத்தாழ இந்த எண்ணின் மூன்றாம் படியைப் பொறுத்தது. ஆகவே 12 சதவீதம், வளர்ச்சி வேகத்தில் 40 சதவீதமாகிவிடும்.

உலோகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். மீள்தன்மைக் கோட்பாட்டின்படி முனையில் தகைவு முடிவிலி. சாதாரணக் கட்டம் அங்கே தோற்றுப்போகும். விரிசல் நகர்ந்த ஒவ்வொரு முறையும் கட்டங்களை மறுபடி வரைய வேண்டியிருந்தது பெரிய தொல்லை. 1999இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டெட் பெலிட்ச்கோ குழுவினர், கட்டத்தை மாற்றாமலேயே விரிசல் அதன் ஊடே வெட்டிச் செல்லும் முறையைக் கண்டார்கள். சென்னை தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில், உலோகப் பாகங்களின் விரிசல் வளர்ச்சியைச் சோதித்தே பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது. அளவீடு இல்லாத கணக்கை நம்ப முடியாது.

ஓடும் பாதையில், மீயொலிக் கருவி விரிசலைத் தேடுகிறது. ஆனால் மேலே படுத்திருக்கும் விரிசல், ஒலியைத் திருப்பிவிட்டு, தனக்குக் கீழே இறங்கும் விரிசலை மறைத்துவிடலாம். அதனால்தான் அரைக்கும் இயந்திரத்தை முன்கூட்டியே ஓட்டி, விரிசல் கீழே திரும்புமுன் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுக்கிறார்கள். எத்தனை டன் போக்குவரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு ஆழம் என்று தீர்மானிக்க அந்த விரிசல் கணக்கு உதவுகிறது.