சுவரில் தொங்கும் ஊர்ச் சரித்திரம்

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோர், காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதியைக் காண்பர். மேற்கே வாவியும் கிழக்கே வங்கக் கடலும் அணைந்து நிற்கும் மணற்பாங்கான ஊர் அது. அங்குள்ள பழைய வீட்டு விறாந்தைகளில், மங்கிய கண்ணாடிச் சட்டங்களுக்குள் பாட்டனாரும் பாட்டியாரும் விறைப்பாக வீற்றிருப்பர். அக்காலத்தில் படம் பிடிப்பதென்றால் சிரிக்கலாகாது என்று எவர் சட்டம் செய்தாரோ!

இப்பகுதியில் வீடு மகளுக்கே சீதனமாகும். மணமுடித்த மகன் மனைவியின் இல்லம் புகுவான். ஆதலின் தாய், தாயின் தாய் எனப் பெண்வழியே படங்கள் ஒரே சுவரில் தங்கிவிடுகின்றன. தந்தைவழிப் பாட்டனைக் காணவேண்டின், வேறொரு வீட்டின் படலையைத் திறத்தல் வேண்டும். தாய்வழிக் குடிமரபை ஆராய்ச்சி நூல்கள் பல பக்கங்களில் விளக்குகின்றன. சுவரோ ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

படத்தில் இருப்போரைக் காட்டிலும் அவர்களுக்குப் பின்னால் தெரிவது சில வேளைகளில் பெறுமதி மிக்கது. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்வோர் 'பாதை'யில் ஏறியே வாவியைக் கடந்தனர். மிதவைப் படகையே எம்மவர் பாதை என்பர். அதனைப் படம் பிடிக்கவென்று எவரும் பணம் செலவழித்திரார். ஆயினும் கலியாணப் படமொன்றின் ஓரத்தில் அது தற்செயலாக விழுந்திருப்பின், ஊருக்கே உரிய சான்று அது. கூத்துக் களரி, கிடுகு வேலி, மாட்டுவண்டி யாவும் இவ்வாறே.

இழந்தவையும் கொஞ்சமல்ல. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. பின்னர் வந்த போர்க்காலத்தில், கையில் அகப்பட்டதுடன் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினர். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் கரையோரக் குடியிருப்புகளை அள்ளிச் சென்றது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர்க்கு, மாலையிட ஒரு படம்கூட மிஞ்சாத நிலையை எண்ணிப் பாருங்கள். உறவினர் வீட்டு அல்பத்தில் ஒரு பிரதி இருந்தால் அதுவே பெருஞ்செல்வம்.

ஆகவே பிரதி எடுத்தலே முதற்காரியம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தெடுக்க முயலாதீர்கள், முகமே பெயர்ந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுக்கலாம். பசைத்தாள் கொண்ட அல்பங்களும் ஒட்டுநாடாவும் படத்துக்குப் பகை. வாவிக்காற்றின் ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். கறையானைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவருகிறது. நூல்களோடு படங்களும் அங்கே இடம்பெறுகின்றன.

ஆனால் பெயரில்லாத படம் பாதிச் சான்றே. பாடசாலை மாணவர்கள் விடுமுறை நாளொன்றில் அம்மம்மாவின் அருகே அமர்ந்து, இவர் யார், எந்த ஆண்டு, எவ்விடம் என்று வினவி, படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் குறித்துவைக்கலாம். மையூற்றுப் பேனா வேண்டாம். மை முன்பக்கம் ஊறிவிடும். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று எழுதி முடித்துவிடாமல், அவர்தம் சொந்தப் பெயரையே கேட்டெழுதுங்கள். அம்மம்மா அதைச் சொல்லச் சற்றே நாணுவார். பின்பு, அன்று உடுத்திருந்த சேலையின் நிறத்தையும் சேர்த்தே சொல்லுவார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியாதல்லவா?