மெலிந்த மேனியர் இருவர்

அறுபத்து மூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அவரே காரைக்கால் அம்மையார். விலா எலும்பு தெரியும் அவர் மேனியைக் கண்டு, "ஏன் இப்படி?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு.

இத்தகைய உருவம் பௌத்தச் சிற்பத்திலும் உண்டு. தைப்பிங்கில் நாம் காணும் புத்தர் சிலைகள் பொலிவானவை. ஆனால் பாகிஸ்தானின் லாகூர் அருங்காட்சியகத்தில் நோன்பிருக்கும் சித்தார்த்தர் எலும்புக்கூடாகக் காட்சியளிக்கிறார். ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழைமையுடைய இக்காந்தாரக் கற்சிலை, சிக்ரி என்னுமிடத்தில் 1889இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. குழிந்த கண்கள், ஒட்டிய வயிறு, புடைத்த நரம்புகள். ஆயினும் தியானம் கலையவில்லை.

ஆறு ஆண்டுகள் உடலை வாட்டியும் ஞானம் கிட்டாததால், சுஜாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றை அவர் உண்டார். அதன் பின்னரே போதி மரத்தடியில் ஞானம் பெற்றார். எனவே, அச்சிலை அவர் கைவிட்ட வழியைக் காட்டுகிறது.

அம்மையாரோ நோன்பினால் மெலிந்தவரல்லர். கணவர் பிரிந்தபின், அழகுடலை நீக்கிப் பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் அவ்வுருவிலேயே கூத்தப்பிரான் திருவடியருகே அமர்ந்திருக்கிறார்.

ஆக, தோற்றம் ஒன்றாயினும் பொருள் வேறு. எனினும் இரு வரலாற்றிலும் அன்னம் உண்டு. பசித்து வந்த அடியாருக்கு மாங்கனியுடன் அமுது படைத்தவரல்லவா அம்மையார்! அன்னதானத்திற்கு அள்ளித் தரும் அன்பர்கள், அடுத்தமுறை பிள்ளைகள் கேட்கும்போது இதனை எடுத்துச் சொல்வார்களாக.