புல்தரை குடிக்கும் தண்ணீர்

கோயம்புத்தூரின் வடபகுதியில், சத்தியமங்கலம் சாலையில் உள்ள கணபதி, பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் மோட்டார்களையும் செய்யும் பட்டறைகள் இங்கு பல உண்டு. பம்பு நீரை மேலே ஏற்றும். ஆனால் இல்லாத நீரை உண்டாக்காது. கோடையில் குழாயடியில் குடத்துடன் காத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

அதே கோடையில், சில வீடுகளின் முன்னே பச்சைப் புல்தரைக்கு ரப்பர் குழாயால் நீர் பாய்ச்சுவதையும் பார்க்கிறோம். குடத்துக்கும் புல்லுக்கும் ஒரே நீர்தான். அப்படியானால் புல்தரை எவ்வளவு குடிக்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓர் எளிய கணக்கு

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன் அளவு சரியாக ஒரு லிட்டர். கோவைப் பகுதியின் கோடை வெயிலில் பசும்புல் தரையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணிலிருந்து நேரே ஆவியாகிறது. மறு பகுதியை வேர்கள் உறிஞ்ச, அது இலைத்துளைகளின் வழியே வெளியேறுகிறது. இதையே நீராவிப்போக்கு என்கிறோம்.

பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள புல்தரையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். அது ஒரு நாளில் இழக்கும் நீர் 500 லிட்டர்! நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. ஆக, அந்தச் சிறு புல்தரை ஏறத்தாழ நான்கு பேரின் பங்கைக் குடித்துவிடுகிறது.

மழை நிழலில் ஒரு நகரம்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, பெரும் மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. ஆகவே கோவைக்கு ஆண்டில் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. புல்தரை ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கவோ 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் நீர் வேண்டும். மிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது? மலைமேல் உள்ள சிறுவாணியிலிருந்தும், பவானி ஆற்றின் பில்லூரிலிருந்தும்தான்.

2016-ஆம் ஆண்டில் பருவமழைகள் பொய்த்தன. 2017 கோடையில் சிறுவாணி அணையின் நீர் அடிமட்டத்துக்குச் சென்றது. நீர்வரவு மிகக் குறையும் அதே மாதங்களில்தான் புல்லின் தாகம் மிகுதியாகிறது என்பதைக் கவனியுங்கள். பருவத்துக்கேற்ற கட்டுப்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

நகரங்களின் விதிகள்

2024 மார்ச்சில் பெங்களூரில் கடும் பஞ்சம் ஏற்பட்டபோது, வாகனம் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பஞ்சம் இல்லாத ஆண்டிலும் விதி உண்டு. வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே தெளிப்பான்களை இயக்கலாம். அதுவும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போதான். அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவற்றை இயக்கவே கூடாது.

நேரத்தை ஏன் குறிப்பிடுகிறார்கள்? நண்பகலில் வெயிலும் காற்றும் தெளிக்கும் நீரில் ஒரு பகுதியை வேருக்குச் செல்லுமுன்பே கவர்ந்துகொள்ளும். நாட்களை ஏன் குறைக்கிறார்கள்? நாள்தோறும் மேலாக நனைத்தால் வேர்கள் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் அவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும்.

புல் இறந்துவிடுமா?

கட்டுப்பாடு என்றதும் பலரும் அஞ்சுவது இதற்குத்தான். நம் வயல் வரப்பிலுள்ள அறுகம்புல்லைப் பாருங்கள். சித்திரை வெயிலில் இலைகள் கருகிப் பழுப்பாகின்றன. ஆனால் மண்ணுக்குள் தரைகீழ்த் தண்டுகள் உயிருடன் உறங்குகின்றன. ஒரு நல்ல மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கின்றன. பழுப்பு நிறம் சாவின் அடையாளம் அன்று; சிக்கனத்தின் அடையாளம்!

நீங்களே செய்து பாருங்கள்

நேரான சுவருள்ள தட்டையான டப்பா ஒன்றில் நீர் ஊற்றி, வெயில்படும் மொட்டை மாடியில் வையுங்கள். காலையில் அளவுகோலால் நீரின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் குறைந்ததோ, உங்கள் மாடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் வெயில் அத்தனை லிட்டர் நீரைக் கொண்டுபோக வல்லது.

பிறகு, வீட்டில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். செடிக்கு அது போதும். குழாய் நீர் குடத்துக்கே இருக்கட்டும்.