அரத்துக்குள் ஓர் உளி

ஹைதராபாத்தில் குகட்பள்ளியின் நடுவே மும்பை நெடுஞ்சாலை ஓடுகிறது. அதற்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. தூண்களைத் தாண்டிப் பாலாநகர் பக்கம் போனால் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை, நடுநடுவே காயலான் கடை என்று தெருவின் முகமே மாறிவிடும். மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968-இல் இந்தப் பாலாநகரில்தான் தொடங்கப்பட்டது. அங்கே எஃகின் தன்மையை அளக்க நுட்பமான இயந்திரங்கள் உண்டு. காயலான் கடைக் குவியலில் குனிந்து பொறுக்குகிற கொல்லருக்கு அந்த வசதி கிடையாது. ஆனாலும் அவர் கேட்கும் கேள்வி அதேதான்: இந்த இரும்புக்குள் என்ன இருக்கிறது?

குவியலைப் பாருங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய டிஎம்டி கம்பி, லாரியின் ஒடிந்த ஸ்பிரிங் பட்டை, பல் மழுங்கிய அரம், தேய்ந்த பேரிங். எல்லாவற்றின் மேலும் ஒரே துரு. கம்பியை எவ்வளவு அடித்துக் கூர் தீட்டினாலும் நல்ல உளி ஆகாது. நாலு தட்டில் முனை மழுங்கிவிடும். பக்கத்தில் கிடக்கும் பழைய அரம் அருமையான உளியாகும். லாரிப் பட்டை கத்தியாகும், அரிவாளாகும், கோடரியும் ஆகும்.

வேறுபாடு கார்பனில் இருக்கிறது, அதாவது கரியில். டிஎம்டி கம்பியில் அது 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தரவிதி. கம்பி வளைய வேண்டும், நிலம் அதிர்ந்தால் முறியாமல் இழுபட வேண்டும் என்பதால் அப்படி. லாரிப் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம். அரத்தில் 1 சதவீதமும் அதற்குச் சற்று மேலும். பேரிங் எஃகில் 1 சதவீதக் கார்பனோடு ஒன்றரை சதவீதக் குரோமியமும் சேர்ந்திருக்கும். நூறு கிலோவில் அரைக் கிலோ கரி கூடினால் கம்பி கத்தியாகிறது.

ஹைதராபாத் மெக்கானிக்குகள் லாரிப் பட்டையைக் ‘கமான்’ என்பார்கள். பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்த சொல், பொருள் வில். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்ததுதான் அதன் பிழைப்பு. அந்தக் குணம்தான் அரிவாளுக்கும் வேண்டும்: கட்டையில் மாட்டினால் முறியக் கூடாது. அரத்தின் பிழைப்பு வேறு, அது மற்ற இரும்பையே ராவியது. அதன் கடினம் உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் பொருந்தும்.

பெயர் தெரியாத துண்டு என்றால் கொல்லர் அதைச் சாணைக்கல்லில் வைத்துப் பொறியைப் பார்ப்பார். சாணையில் உரசிப் பறக்கும் துகள் காற்றில் எரிகிறது. உள்ளே இருக்கும் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகி, துகளை வெடிக்க வைக்கிறது. கம்பியின் பொறி நீளமாக, கோடு கோடாகப் போய் அணையும். லாரிப் பட்டையின் பொறி நுனியில் கிளை விடும். அரத்தை வைத்தால் கல்லை விட்டு வந்ததுமே மத்தாப்பு போலப் பூத்துச் சிதறும். கார்பன் ஏற ஏறக் கிளைகள் கூடும். தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பிலும் இரும்புத் தூள்தான் இதே போல எரிகிறது.

இந்தக் கரியை இரும்புக்குள் புகுத்துவதுதான் பழங்காலத்தில் பெரும்பாடு. ஹைதராபாத்துக்கு வடக்கே நிஜாமாபாத் மாவட்டத்தில் கம்மர்பள்ளி வட்டாரத்தில் கோனசமுத்திரம் என்றொரு ஊர் இருக்கிறது. கம்மரி என்றால் தெலுங்கில் கொல்லர். நம் கம்மியர், கருமார் என்ற சொற்களின் உறவு. அங்கே இரும்பையும் கரி தரும் பொருள்களையும் மண் மூசையில் அடைத்து, வாயை மூடி, உலையில் நெடுநேரம் ஊதி உருக்கு எடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன நிலவியலாளர் ஹென்றி வாய்சி, அந்த உருக்கை வாங்கப் பாரசீக வணிகர்கள் நேரில் வந்ததை எழுதியிருக்கிறார். அவருடைய குறிப்பு 1832-இல் அச்சானது. தெலுங்கில் இன்றும் எஃகுக்கு ‘உக்கு’ என்றுதான் பெயர். அந்தச் சொல்லே ஐரோப்பிய வாயில் ‘வூட்ஸ்’ ஆனது என்பார்கள். அந்த உருக்கு எப்படி இவ்வளவு நல்ல எஃகாக இருக்கிறது என்று லண்டனில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன்.

இன்று அந்தப் பெரும்பாட்டை ஆலை பட்டு முடித்துவிட்டது. பழைய அரத்தை எடுப்பவர் கைக்குக் கரி உள்ளேயே இருந்து வருகிறது. மிச்சம் இருப்பது சூடும் நேரமும்.

முதல் வேலை அரத்தின் வீறாப்பை அடக்குவது. செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, இரவு முழுக்க மெல்ல ஆறவிட்டால் மறுநாள் ரம்பத்தால் அறுக்கலாம். பிறகு பற்களை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். பல்லின் அடிப்பள்ளம் ஒன்று மிஞ்சினாலும் பின்னால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அப்புறம் உலை, அடைகல், சம்மட்டி. ஆரஞ்சு நிறத்தில் அடிக்கலாம். சிவப்பு மங்கிய பிறகு அடித்தால் வெடிக்கும். சூடு மிஞ்சி, உலையிலேயே பொறி பறக்கத் தொடங்கினால் எஃகே எரிகிறது என்று பொருள். அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடித்து முடித்ததும் உளியின் வடிவம் வந்துவிடும், உளி இன்னும் வந்திருக்காது. அதற்குத் தோய்ச்சல் வேண்டும், அதாவது காய்ச்சிச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது.

ஆறிய எஃகில் இரும்பு அணுக்கள் சின்னச் சின்னக் கனசதுரங்களாக அடுக்கியிருக்கின்றன. மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. அந்த அடுக்கின் இடுக்குகளில் கார்பனுக்கு இடம் கிடையாது. ஆகவே கார்பன் இரும்புக் கார்பைடாக ஒதுங்கித் தனிப் படலங்களாகக் கிடக்கும். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அடுக்கு மாறத் தொடங்குகிறது. நடுவில் இருந்த அணு விலகி, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் அணு என்ற புது அமைப்பு வருகிறது. அதன் இடுக்குகள் பெரியவை. தண்ணீரில் சர்க்கரை கரைவது போலக் கார்பன் திட இரும்புக்குள்ளேயே கரைகிறது.

இந்த மாற்றம் நடந்துவிட்டதா என்று பார்க்க ஒரு காந்தத் துண்டு போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு மசியாமல் போகும். காந்தம் ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எடுத்துவிடலாம். பழகிய கண்ணுக்குக் காந்தமும் வேண்டாம், சிவப்பின் ஏற்ற இறக்கமே போதும். பகல் வெளிச்சத்தில் அந்த நிறம் ஏமாற்றும். உலைக்களம் எப்போதும் நிழலாகவும் இருட்டாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது கொல்லர் முனையை எண்ணெயிலோ நீரிலோ முக்குகிறார். இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பத் துடிக்கிறது. கரைந்த கார்பன் வெளியேற நேரம் தேவை, அது கிடைப்பதில்லை. அரத்தின் எஃகுக்கு ஒரு விநாடி அளவுக்குள் பாதிச் சூடு இறங்கிவிட வேண்டும். லாரிப் பட்டையில் சிலிக்கனோ குரோமியமோ கலந்திருப்பதால் அது இன்னும் சில விநாடி பொறுக்கும். அதற்கு எண்ணெயே போதும். ஓட முடியாத கார்பன் நடுவில் சிக்கிக்கொள்ள, கனசதுரங்கள் ஒரு பக்கமாக நீண்டு விறைத்துப் போகின்றன. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்டென்ஸின் பெயரால் இந்த விறைத்த நிலையை மார்டென்சைட் என்கிறார்கள். கூர்மை என்று நாம் சொல்வது, வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்ட கரியின் பிடிவாதம்.

சரியாகத் தோய்ந்ததா என்பதை இன்னோர் அரம் சொல்லும். அதை முனையில் வைத்து இழுத்தால் கடிக்காமல் கண்ணாடி மேல் போவது போல வழுக்க வேண்டும். ‘டிங்’ என்று ஒரு சத்தம் முக்கும்போதே கேட்டிருந்தால் சோதிக்கவே வேண்டாம். எங்கோ விரிசல் விட்டுவிட்டது.

எல்லா எஃகும் இந்த வழிக்கு வராது. இயந்திர ரம்பத்தின் அதிவேக எஃகு பிளேடு தோய்ச்சல் ஏற 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். கரி உலையில் அது கைகூடாது. அதை உலையில் வைக்காமல், தண்ணீரில் முக்கி முக்கிச் சாணையிலேயே கத்தியாக்கிவிடுவதுதான் சமர்த்து. துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

தோய்ந்த உளி இப்போது கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே நொறுங்கும். கொல்லர் முனையை மட்டும்தான் முக்கியிருப்பார். காம்புப் பக்கம் இன்னும் சூடு இருக்கும். முனையைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுக் காத்திருக்கிறார். காம்பின் சூடு மெல்ல முனைக்கு வர, நிறங்கள் ஊர்வலமாகக் கிளம்புகின்றன. முன்னால் வைக்கோல் மஞ்சள், பின்னால் பழுப்பு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். ஏதும் பூசாமல் வந்த நிறங்கள் இவை. மேலே படியும் ஆக்சைடு ஏட்டின் தடிமன், ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் போல அதில் ஒளி விளையாடுகிறது. தடிமன் சூட்டைப் பொறுத்தது என்பதால் நிறமே வெப்பமானி ஆகிறது. வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரி, நீலம் 300.

வைக்கோல் மஞ்சள் முனையைத் தொடும்போது முக்கினால் இழைப்புளி அலகு. பழுப்பு வரும்வரை பொறுத்தால் கொட்டாப்புளி அடி தாங்கும் உளி. நீலம் முனைக்கு வந்துவிட்டால் பார்க்க அழகு. மரத்தில் வைத்தால் கூர் நிற்காது.

கவனம் பிசகி நீலம் வந்துவிட்டால் கொல்லர் தலையில் கைவைப்பதில்லை. மறுபடி உலைக்குள் தள்ளுகிறார். சிவக்கச் சிவக்க, சிக்கிய கார்பன் விடுபட்டுப் பழையபடி கரைகிறது. தோய்ச்சல், நிறம், முன்னால் இருந்த அரத்தின் கடினம் எல்லாம் அழிந்துபோகும். கரி மட்டும் உள்ளேயே இருக்கும். லாரியைத் தாங்கிய பட்டை அடுத்து மரத்தை வெட்டப் போவதும், ஆலையில் தேய்ந்த அரம் தச்சர் பையில் உளியாக விழுவதும் இதனால்தான். துருத்தி மறுபடி ஊதத் தொடங்குகிறது.