ஒட்டுமா, ஒட்டலாமா?

கணினியிலேயே புதிய மருந்தை வடிவமைத்துவிட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மூலக்கூறு உடலில் உள்ள ஒரு புரதத்தில் போய் ஒட்டுமா என்பது முதல் கேள்வி. அப்படி ஒட்டி, அந்தப் புரதத்தின் வேலையை நிறுத்தலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கணினி இன்று வியக்கும்படி பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கு அது எதைச் சொன்னாலும், மனித உடல்களிலிருந்து நாம் ஏற்கெனவே அறிந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். அழற்சி மருந்துகளில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடியிருக்கிறது. அழற்சி வெளியிலிருந்து வந்த பகை இல்லையே. காயம் ஆறுவதும் கிருமி அடங்குவதும் அதன் தயவில்தான். மூட்டு வீங்குவதும் தோல் செதில் செதிலாக உரிவதும் அதுவே அளவு மீறும்போதுதான்.

ஆஸ்பிரின் வலியை எப்படித் தணிக்கிறது என்பதை மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல்தான் விளக்கினார். புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கும் காக்ஸ் நொதியை அது முடக்குகிறது. இந்த நொதியில் இரண்டு வகை உண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. காக்ஸ்-1 வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. காக்ஸ்-2 அழற்சி மூளும் இடங்களில் பெருகுகிறது. வலி மாத்திரை தொடர்ந்து போட்டால் வயிறு புண்ணாவது, முதல் வகையும் சேர்ந்து முடங்குவதால்தான். இரண்டாவதை மட்டும் முடக்கினால் என்ன? அதற்கு இடமிருப்பதை 1990களின் நடுவில் வந்த எக்ஸ்ரே படிக ஆய்வுகள் காட்டின. இரு நொதிகளின் உட்குழியும் ஏறத்தாழ ஒரே அச்சு. ஆனால் 523ஆம் இடத்தில் காக்ஸ்-1இல் ஐசோலூசின், காக்ஸ்-2இல் வாலின். இரண்டு அமினோ அமிலங்களுக்கும் வேறுபாடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். வாலின் அந்த அளவு சிறியது என்பதால் காக்ஸ்-2இன் குழியில் பக்கவாட்டில் ஒரு பொந்து திறந்திருக்கிறது. செலிகாக்ஸிப், ரோஃபிகாக்ஸிப் போன்ற மருந்துகள் அந்தப் பொந்துக்குள் கையை நுழைத்துப் பிடித்துக்கொள்கின்றன. படத்தைப் பார்த்துச் செதுக்கிய மருந்துகள் என்று இவற்றைச் சொல்வோர் உண்டு. உண்மையில் ஆய்வுக்கூடத்தில் மருந்து முந்திக்கொண்டது. அது ஏன் வேலை செய்கிறது என்பதைப் படம் பின்னால் வந்து சொன்னது.

ஒட்டுமா என்ற கேள்வியில் ரோஃபிகாக்ஸிப் முழு மதிப்பெண் வாங்கியது. 1999இல் ‘வயாக்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து, கோடிக்கணக்கானோர் வீட்டு மருந்துப் பெட்டியில் இடம்பிடித்தது. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவும் தடை செய்தது. குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்க்க நடத்திய சோதனையில், மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தன. அந்த வேறுபாடு வெளிப்பட்டதே 18 மாதங்களுக்குப் பிறகுதான். மூலக்கூறில் பிழை இல்லை. ரத்தத் தட்டணுக்களில் உள்ள காக்ஸ்-1 ரத்தம் உறையத் தூண்டும் பொருளை உண்டாக்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள காக்ஸ்-2 உறையவிடாமல் தடுக்கும் பொருளை உண்டாக்குகிறது. ஒன்றைத் தொடாமல் மற்றதை மட்டும் அடக்கினால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. எவ்வளவு கச்சிதமாக ஒட்டியதோ அவ்வளவு சாய்வு. இதற்கான முதல் எச்சரிக்கை 1999இலேயே காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆய்வுக்குழுவிடமிருந்து வந்தது. அது கிடைத்த இடம், மருந்து சாப்பிட்ட தன்னார்வலர்களின் சிறுநீர்.

அதற்காகக் கணினியின் திறமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. சிமுலேஷன் என்பது அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிட்டு, அவற்றைக் கணம் கணமாக நகர்த்திப் பார்க்கும் வேலை. கணம் என்றால், ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கி அதில் ஓரிரு பங்கு. இந்த வழிச் சிந்தனைக்குச் சென்னையிலும் ஒரு வேர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் 1963இல், அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள். ஒரு புரத அமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்க இன்றும் அதைத்தான் விரிக்கிறார்கள். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தின் அசைவைக் கணினியில் ஓட்டியபோது, 58 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு புரதத்தை ஒரு நொடியில் லட்சம் கோடிப் பங்குகளில் ஒன்பது பங்கு நேரத்துக்குத்தான் ஓட்ட முடிந்தது. அதில் பங்கேற்ற மார்ட்டின் கார்ப்ளஸ் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2010இல் அதே புரதத்தை ‘ஆன்டன்’ என்ற தனிவகைக் கணினி ஒரு மில்லி நொடி வரை ஓட்டிக் காட்டியது.

மருந்து வடிவமைப்பில் சிமுலேஷனின் உண்மையான பயன் பிடிப்பின் வலுவை மதிப்பிடுவதில் இருக்கிறது. ஒரு மூலக்கூறு புரதத்தின் குழிக்குள் நுழைய, தன்னைச் சூழ்ந்த நீரை உதற வேண்டும். குழியில் ஏற்கெனவே குடியிருக்கும் நீரையும் வெளியேற்ற வேண்டும். இந்த வரவு செலவின் மிச்சமே பிடிப்பாற்றல். அது சுமார் 1.4 கிலோ கலோரி கூடினால் பிடிப்பு பத்து மடங்கு வலுக்கும். நல்ல கணக்கீடுகளின் பிழை இன்று ஒரு கிலோ கலோரி அளவில் நிற்கிறது. துல்லியம் என்று மார்தட்ட இது போதாது. ஆனால் ஆயிரம் மூலக்கூறுகளில் எந்த இருபதைச் செய்துபார்க்கலாம் என்று முடிவெடுக்கத் தாராளமாகப் போதும். வேதியியலாளருக்கு மாதக்கணக்கில் உழைப்பு மிச்சம்.

டிக்-2 என்ற நொதி இதற்கு நல்ல சான்று. ஜேக் குடும்பத்து நான்கு நொதிகளில் அதுவும் ஒன்று. சொரியாசிஸ் என்ற தோல் நோயை மூட்டும் இன்டர்லூகின்-23 என்ற சமிக்ஞை அதன் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. நான்கு நொதிகளின் வினைபுரியும் குழிகளும் உடன்பிறப்புகளைப் போல இருப்பதால், ஒன்றை மட்டும் தொடுவது கடினம். பல ஜேக்குகளைச் சேர்த்து அடக்கும் டோஃபாசிட்டினிப் மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் இதயநோய், புற்றுநோய் எச்சரிக்கைகள் கடுமையாக்கப்பட்டன. வழி எங்கே கிடைத்தது? வினைபுரியாத பக்கத்துப் பகுதி ஒன்றில். அங்கே ஒட்டினால் டிக்-2 மட்டும் அடங்கும் என்பது, செல்களில் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. கணினி காட்டிய இடமில்லை அது. அப்படி உருவான டியூக்ராவாசிட்டினிப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடம் தெரிந்தபின் கணினி களத்தில் இறங்கியது. நிம்பஸ், ஷ்ரோடிங்கர் நிறுவனங்கள் சிமுலேஷன் துணையோடு வடிவமைத்த சாசோசிட்டினிப் மருந்தை டகேடா நிறுவனம் 400 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. இரண்டாம் கட்டச் சோதனையில் அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 12 வாரங்களில் தோல் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 6 சதவீதம்.

கணினிகள் வேகமாக வளர்கின்றன, ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் புரத வடிவங்களைக் கணித்து 2024இல் நோபலும் வாங்கிக் கொடுத்துவிட்டது, நாளைக்கு முழு உடலையே கணினியில் ஓட்டலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஆன்டன் எட்டிய ஒரு மில்லி நொடிக்கும் வயாக்ஸின் தீங்கு தெரிந்த 18 மாதங்களுக்கும் இடையே சுமார் 4,700 கோடி மடங்கு தூரம். இந்த ஒப்பீடு கொஞ்சம் நியாயமற்றதுதான். உடலை யாரும் அணு அணுவாக ஓட்டப்போவதில்லை, செல்களையும் உறுப்புகளையும் சமன்பாடுகளாகச் சுருக்குவார்கள். ஆனால் சுருக்கும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது? ரத்தக்குழாய்ச் சுவரின் காக்ஸ்-2 முக்கியம் என்று மருந்தை உருவாக்கத் தொடங்கியபோது யாருக்கும் உறைத்திருக்கவில்லை என்றால், அன்று கட்டிய மாதிரியிலும் அது இருந்திருக்காது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கேள்வி வரும்: ஆஸ்பிரினும் ஸ்டீராய்டும் கணினி இல்லாமல்தானே வந்தன? வந்தன, வயிற்றுப்புண்ணையும் எலும்புத் தேய்வையும் கூடவே கூட்டிக்கொண்டு. வேண்டிய இடத்தை மட்டும் தொடுவதுதான் அவற்றால் முடியாத காரியம், அதில்தான் கணினி கைகொடுக்கிறது.

டிக்-2 விஷயத்தில் ஒட்டலாமா என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இயற்கையிலேயே இருக்கிறது. இந்த நொதியை மந்தமாக்கும் ஒரு மரபணு மாற்றத்தைப் பிறவியிலேயே கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொரியாசிஸ் முதலான தன்னெதிர்ப்பு நோய்கள் குறைவு என்பது மருந்து நிறுவனங்களுக்குப் பெரிய ஊக்கம். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் அதிகம் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சொரியாசிஸை மூட்டும் அதே இன்டர்லூகின்-23 சமிக்ஞைதான் காசநோய்க் கிருமியை அடக்கி வைக்கவும் தேவைப்படுகிறது. மருந்து பிறவி மாற்றத்தைப் போல வாழ்நாள் முழுதும் இயங்குவதில்லை, அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். ஆகவே அபாயமும் அதேபோல் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயது கடந்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேரிடம் கிருமி உறங்கிக் கிடப்பதற்கான அடையாளம் தெரிந்தது. காசநோய் அரிதான நாடுகளில் வெளிப்படாமலே போகும் ஓர் அபாயம் இங்கே வெளிப்படக்கூடும். இந்த மாத்திரைகள் நம் நாட்டில் பரவலாகுமுன், கிருமி உறங்கும் உடல்களில் அவை என்ன செய்கின்றன என்பதை இங்குள்ள நோயாளிகளிடையே, ஆண்டுக்கணக்கில், பார்த்தாக வேண்டும்.