பால் கக்கும் பிள்ளை: எப்போது பயப்பட வேண்டும்?

தலைப்பிரசவம் ஊரில் முடிந்து தாயும் சேயும் தாராவிக்கோ சயானுக்கோ திரும்பிய சில நாளில் இந்தக் கவலை தொடங்கும். குடித்த பாலைப் பிள்ளை தோளிலேயே கக்குகிறது. "உரம் விழுந்திருக்கும், தொக்கம் எடுங்கள்" என்று ஊரிலிருந்து போனில் யோசனை வரும்.

காரணம் உரமும் அல்ல, தொக்கமும் அல்ல. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை வளையம் கைக்குழந்தைக்கு இன்னும் இறுகவில்லை. அதனால் பால் மேலேறுகிறது. 4-ம் மாதத்தில் இது அதிகம். பெரும்பாலும் ஒரு வயதில், மிஞ்சினால் ஒன்றரை வயதில் நின்றுவிடும். எடை ஏறி, சிரித்து விளையாடும் பிள்ளைக்கு மருந்தே தேவையில்லை. பால் கொடுத்ததும் ஏப்பம் விடச் செய்து, சற்று நேரம் நிமிர்த்திப் பிடித்தால் போதும். தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும். குப்புறப் போடுவது ஆபத்து.

கக்குவது வேறு, வாந்தி வேறு. பிறந்த 2 முதல் 8 வாரத்துக்குள் பால் பீச்சியடித்தாற்போல் வந்து, உடனே பிள்ளை பசித்து அழுதால் இரைப்பையின் கீழ்வாசல் தடித்து அடைத்திருக்கலாம். அறுவை சிகிச்சையில் குணமாகும். வாந்தி பச்சையாக இருந்தால் குடல் முறுக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ரத்த வாந்தி, உச்சிக்குழி அமுங்குதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான்.

அங்கே பாஷை ஒரு தொல்லை. தமிழ்த் தாய்மார் பலர் இரண்டையுமே 'உல்டி' என்கிறார்கள். கேட்கும் டாக்டர் வெறும் வாந்தி மருந்தை எழுதிவிடக் கூடும். கக்கல் என்றால் 'தூத் நிகால்தா ஹை', பச்சை வாந்தி என்றால் 'ஹரி உல்டி'. அதுவும் வாயில் வராவிட்டால், கறை பட்ட துணியைத் துவைக்காமல் எடுத்துப்போய்க் காட்டலாம்.