கெடு ஒரு வருஷம், நெல்லிக்கு நாலு வருஷம்

திருநெல்வேலிச் சீமையில் பழத்துக்குக் கடன் என்று கேட்டால், வாழைக்குக் கிடைக்கும். பொதிகையில் பிறந்து எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டிப் போகும் தாமிரபரணியின் கரையில் அதைக் குறை சொல்லவும் முடியாது. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் தார் வெட்டிவிடலாம். வந்த பணத்தில் சொசைட்டிக் கடனைக் கட்டிவிடலாம். கெடுவுக்குள் கட்டினால் 3 லட்சம் ரூபாய் வரை வட்டியே இல்லை. களக்காட்டுப் பக்கம் கோடைச் சூறைக்காற்றில் ஏத்தன் வாழை குலையோடு சாயும். 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் கீழ் ஆற்றங்கரைத் தோட்டங்களை மூழ்கடித்தது. அப்படியும் மறு வருஷம் அதே வயலில் அதே வாழைதான், அதற்கு அதே கடன்தான்.

நாங்குநேரியைத் தாண்டித் தெற்கே போனால் நிலமே வேறு. ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை என்று பனையும் உடைமரமும் காற்றாலையும் நிற்கிற செம்மண் காடு. கடலை நெருங்க நெருங்கத் தேரி மணல். வடகிழக்குப் பருவம் ஏமாற்றினால் அந்த வருஷம் அவ்வளவுதான். இந்த மண்ணில் தாக்குப்பிடிக்கிற பழமரங்கள் நெல்லி, இலந்தை, கொய்யா, மா. ஆறு மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 110 நெல்லி ஒட்டுக்கன்று பிடிக்கும். நாலாம் வருஷம்தான் காய் கண்ணில் படும். அதற்குள் கடக்க வேண்டிய முதல் இரண்டு கோடையில்தான் கன்று பிழைப்பதும் சாவதும். பயிர்க்கடனோ ஒரு வருஷக் கணக்கில் ஓடுவது. தோப்பு வைக்கத் தவணைக் கடன் இருக்கத்தான் செய்கிறது. முதல் சில வருஷம் அசல் கட்டாமல் இருக்கவும் வழி உண்டு. ஆனால் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளின் கையெழுத்து என்று அலைந்தவர்கள், இரண்டாம் முறை அந்தப் பக்கம் போவதில்லை.

போகிற இடம் நகைக்கடன்.

காதிலும் கழுத்திலும் கிடப்பதைத் தராசில் வைத்தால் பத்து நிமிஷத்தில் பணம். எதற்கு என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. அந்தப் பணம் கன்றுக்குப் போனால் கவலை இல்லை. பெரும்பாலும் அது ஆழ்துளைப் போர் போடப் போகிறது.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்புக் குறி. மறுநாள் திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆழம் போகப் போக அடிக்கூலியும் ஏறும், கேசிங் பைப்புக்குத் தனிக் காசு. பாறைத் தூள் வெள்ளையாகப் பறக்க, இன்னும் ஐம்பது அடி, இன்னும் ஐம்பது அடி என்று வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். தண்ணீர் வந்தால் பக்கத்துத் தோட்டக்காரரின் போரில் நீர்மட்டம் இறங்கும். வராவிட்டால் நகை திரும்பாது.

அரசின் ஏற்பாடுகளும் போருக்கே துணை. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். நல்ல திட்டம்தான். ஆனால் சொட்டுநீரில் மிச்சமான தண்ணீர் நிலத்தடியில் தங்கியது என்று யார் சொன்னது? ஒரு ஏக்கருக்குப் பதில் இரண்டு ஏக்கர் என்று ஆகிறது, அவ்வளவுதான். அளவுக்கு மேல் உறிஞ்சிய வட்டாரங்களில் புதுக் கிணறுகளுக்கு மறுநிதி தருவதில் நபார்டு நெடுநாளாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு நகைக்கடன் கவுண்டர் வரைக்கும் எட்டுவதில்லை. கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்த்த பிறகும் வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது.

மரத்தை நம்பிக் கடன் கொடுத்து, அது பட்டுப்போனால் யாரிடம் வசூலிப்பது என்பது வங்கிக்காரர்களின் கேள்வி. நியாயம்தான்; ஆனால் மலையடிவாரப் புளியங்குடியில் எலுமிச்சை மரத்தை நம்பி ஒரு சந்தையே நடக்கிறது.

பணத்தை வேறு மாதிரியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிரா 1990-ல் வேலை உறுதித் திட்டத்தோடு பழத்தோட்டத்தை இணைத்தது: குழி வெட்டும் கூலி, கன்று, பராமரிப்பு எல்லாம் மூன்று வருஷத்துக்கு. அங்கே மாவும் முந்திரியும் மாதுளையும் பரவியது அப்படித்தான். (அதே மாநிலத்தில் பின்னாளில் மானியத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, பிளாஸ்டிக் விரித்து, போர் தண்ணீரை இறைத்து அதில் நிரப்பியதும் நடந்தது. போர் எங்கேயும் விடுவதில்லை.) தெற்கு குஜராத்தின் வான்ஸ்தாவில் 1982-ல் தொடங்கிய ‘வாடி’ முறையில், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் மாவும் முந்திரியும் வைத்து, மரம் காய்க்கும்வரை ஊடுபயிரில் பிழைப்பு ஓடியது. நபார்டு 2003-04-ல் அதைப் பழங்குடியினர் மேம்பாட்டு நிதியாக நாடெங்கும் கொண்டுபோனது. பெயரே சொல்வதுபோல அது பழங்குடிக் குடும்பங்களுக்கு. ராதாபுரத்து மானாவாரி விவசாயிக்கு அதில் இடமில்லை. 2020-ல் வந்த 1 லட்சம் கோடி ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அது கிடங்குக்கும் குளிர்பதன அறைக்கும் ஆனது. உள்ளே வைக்கக் காய் வேண்டாமா?

தண்ணீரை உறிஞ்சாமல் நிலத்துக்குள் இறக்கவும் வழி இருக்கிறது. திசையன்விளை அருகே ஆயன்குளத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 2021 மழையில் வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் குடித்தும் அது நிரம்பவில்லை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் இருக்கின்றன என்றார்கள். தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாற்றோடு சேர்க்கும் 75 கிலோமீட்டர் கால்வாய் 2009-ல் தொடங்கி, 2023-ல்தான் சோதனை ஓட்டம் கண்டது. அந்தத் தண்ணீர் வெள்ளக் காலத்தில் மட்டும் வரும். அதை நிலத்துக்குள் இறக்க ஒரு வடிகட்டுத் தொட்டியும் பழைய கிணறும் போதும். அந்தச் செலவையும் நெல்லிக் கன்றுக்கு நாலு கோடைக்கான பராமரிப்பையும் ஒரே தவணைக் கடனாகச் சேர்த்துத் தர வேண்டும்; கன்று பிழைத்திருப்பதைப் பார்த்து அடுத்த தவணையை விட வேண்டும். இப்போதைக்கு அப்படி ஒரு விண்ணப்பத்தோடு சொசைட்டி வாசலுக்குப் போனால், கால்வாய்த் தண்ணீர் வருகிறதே, வாழை போடுங்களேன் அண்ணாச்சி என்பார்கள்.